விரால் பிடிக்க வீட்டிலேயே லூர்: மரத்தை விடுங்க, பழைய செருப்பை எடுங்க

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் குளங்களில் விரால் பிடிக்கப் போகும் ஒரு தம்பியின் கேள்வி இது. லூர் என்றால் மீனை ஏமாற்றும் செயற்கை இரை; கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மீன் லூர் எல்லாம் தாமரைக் கொடியில் மாட்டி அறுந்துவிடுகிறதாம். வீட்டிலேயே செய்ய முடியுமா, எந்த மரம் நல்லது, என்ன பெயிண்ட் அடிப்பது, செலவு மிச்சமாகுமா, நண்பர்களுக்கு விற்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். மரத்தையும் பெயிண்டையும் மட்டும் கடைசிக்குத் தள்ளி வைப்போம். அறுந்துபோன லூர்களில் குறையொன்றும் இருந்திருக்காது. வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக, மூன்று கொக்கி சேர்ந்த ட்ரெபிள் முள் தொங்கும் மீன் லூர் திறந்த தண்ணீருக்காகச் செய்தது. பவானிசாகரிலோ மேட்டூரிலோ ஆழமான இடம் பார்த்து வீசினால் அது ஒழுங்காக வேலை செய்யும். தாமரையும் ஆகாயத்தாமரையும் அடைத்த குளத்தில் முதல் இழுப்பிலேயே ஆறு முள்ளும் ஆறு தண்டைப் பிடித்துக்கொள்ளும். அதே மாதிரி ஒன்றை வீட்டில் செதுக்கினால் அதுவும் அங்கேயேதான் போய் மாட்டும். அதனால் எந்த மரம் என்று கேட்பதற்கு முன்னால், எந்தத் தண்ணீர், எந்த மீன் என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மீன் விரால். அது காற்றைக் குடிக்கிற மீன். செவுளை மட்டும் நம்பி அதனால் உயிர் வாழ முடியாது; கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்தே ஆக வேண்டும். பகலில் செடி நிழலில் அசையாமல் கிடக்கும். தலைக்கு மேலே ஏதாவது நீந்தினால் கீழிருந்து பாய்ந்து அடிக்கும். ஆக, மேலே மிதக்க வேண்டும், செடிமேல் வழுக்கிப் போக வேண்டும், மீன் கடித்தால் மட்டும் முள் வெளியே வர வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தவளை லூர். வீட்டில் செய்ய இதைவிடச் சுலபமான லூர் வேறு இல்லை. தேய்ந்துபோன ஒரு ஜோடி பாத்ரூம் செருப்பு போதும்.

செருப்பு எடுக்கும்போது கெட்டியான ஹவாய் ரப்பரை விட, விரலால் அழுத்தினால் அமுங்குகிற மெத்தென்ற ஈவா (EVA) நுரைச் செருப்பு நல்லது. குதிகால் பக்கம் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் இருக்கும். ஆறு சென்டிமீட்டர் நீளம், இரண்டரை அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்க. புது பிளேடு வேண்டும். பழைய பிளேடு ஈவாவைப் பிய்த்துவிடும். மூக்கு கூர்மை, நடுவயிறு அகலம், பின்பக்கம் குறுகல் என்று செதுக்கிவிட்டு மணல் தாளில் தேய்த்தால் வடிவம் வந்துவிடும். மூக்குக் கூர்மையாக இருந்தால்தான் இலைமேல் ஏறி வழுக்கும். வாய்ப்பக்கம் குழித்துவிட்டால் இழுக்கும்போது ‘பளக் பளக்’ என்று சத்தம் எழுப்பும். அது திறந்த தண்ணீரில் நன்றாக இருக்கும், செடிக்குள் குப்பையை அள்ளிக்கொண்டு வரும்.

அடுத்தது முள். செலவு செய்ய வேண்டிய இடம் இது ஒன்றுதான். தவளை லூருக்கென்றே விற்கிற இரட்டை முள், 3/0 அல்லது 4/0 அளவில், நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்க. இரண்டு ஒற்றை முள்ளைச் சேர்த்து ஈயப்பற்று வைத்து ஒட்டுகிறவர்கள் உண்டு. ஒரு நல்ல விரால் தலையை உதறினால் பற்று விட்டுவிடும். வயிற்றின் நடுவே நீளவாக்கில், பாதிக் கனத்துக்கு ஒரு கீறல் போட்டு, முள்ளின் தண்டை அதற்குள் படுக்க வையுங்க. நரம்பு கட்டுகிற முள்கண் மூக்கு வழியாக வெளியே வரும். வளைவு இரண்டும் பின்பக்கமாக வெளியே வந்து மேலே திரும்பி, நுனிகள் முதுகின் இரண்டு பக்கமும் படிந்து நிற்கும். நுனி படியும் இடத்தில் மெல்லிய பள்ளம் செதுக்கினால், செடி உரசும்போது நுனி ஒளிந்துகொள்ளும்.

இனி ஒரு சோதனை. முதுகைக் கட்டைவிரலால் அழுத்துங்க. நுனி இரண்டும் துருத்திக்கொண்டு வந்தால் சரி. வரவில்லை என்றால் விரால் எத்தனை தடவை அடித்தாலும் முள் ஏறாது. முதுகை இன்னும் கொஞ்சம் செதுக்குங்க, அல்லது இன்னும் மெத்தென்ற செருப்பைத் தேடுங்க. ‘அடி விழுந்தது, மீன் மாட்டலை’ என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்குக் கோளாறு இங்கேதான்.

தண்டை ஒட்டுவதற்கு முன் எடை வைக்க வேண்டும். ஈயம் வேண்டாம், சைக்கிள் கடையில் பின்சக்கரத்துக்குப் போடுகிற கால் அங்குல பால்ஸ், அதாவது இரும்புக் குண்டு, வாங்குங்க. ஒரு குண்டு ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும், அதனால் தராசு இல்லாமலே கணக்குப் போடலாம். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம். நீங்கள் வெட்டிய துண்டு 6 × 2.5 × 1.5, அதாவது இருபத்திரண்டரை கன சென்டிமீட்டர். செதுக்கிய பிறகு பதினான்கு மிஞ்சியது என்று வைத்துக்கொண்டால், உடம்பு, முள், குண்டு எல்லாம் சேர்ந்து பதினான்கு கிராமைத் தாண்டாதவரை அது மிதக்கும். ஈவாவும் முள்ளும் சேர்ந்து எட்டொன்பது கிராம் இருந்தால் இரண்டு மூன்று குண்டு தாராளமாக வைக்கலாம். பதினோரு பன்னிரண்டு கிராம் வந்தால் சாதாரணத் தூண்டில் ராடிலேயே தூரம் போகும்.

குண்டு உட்காரும் இடம் முக்கியம். பின்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில், வயிற்றின் அடியில் குழி தோண்டி வையுங்க. பின்பாரம் இருந்தால் வீசும்போது வால் முன்னால் போய் நேராகப் பறக்கும். விழுந்ததும் குண்டி தாழ்ந்து, மூக்கு தூக்கி, உண்மையான தவளை மிதக்கிற மாதிரியே நிற்கும். நடுவில் வைத்தால் கட்டை மாதிரி படுத்துக் கிடக்கும். முன்னால் வைத்தால் மூக்கு முங்கி முதல் இலையிலேயே முட்டிக்கொள்ளும். ஒரு காலி பேனா ரீஃபிலின் தடித்த குழாயில் சின்ன குண்டு இரண்டைப் போட்டு இரண்டு முனையையும் அடைத்துச் செருகினால் கிலுகிலுப்பும் கிடைக்கும். கலங்கின தண்ணீரில் அந்தச் சத்தத்துக்குப் பலன் உண்டு.

ஒட்டுவதற்கு ஃபெவிகுவிக் எடுக்காதீங்க. அது காய்ந்தால் விறைத்துப்போய், உடம்பு வளையும்போது விட்டுவிடும். செருப்புத் தைப்பவர் தடவுகிற ரப்பர் சொல்யூஷன்தான் இதற்கு ஏற்றது. இரண்டு பக்கமும் தடவி, கை ஒட்டாத பதத்துக்கு உலரவிட்டு, அழுத்திப் பிடிக்க வேண்டும். மூக்கில் முள்கண் வெளிவரும் இடத்தை மட்டும் தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிவிடுங்க. இழுப்பின் பாரம் முழுக்க அங்கேதான் விழுகிறது.

தவளையின் கால்களுக்குத் திருப்பூர் இருக்கிறது. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற யாராவது ஒருவர் எல்லார் வீட்டிலும் உண்டு. கட்டிங் வேஸ்ட்டில் வரும் எலாஸ்டிக் துண்டு கொஞ்சம் கேளுங்க. அகல எலாஸ்டிக்கைப் பிரித்தால் உள்ளே மெல்லிய ரப்பர் இழைகள் இருக்கும். அதில் இருபது முப்பது இழையை ஒரு கத்தையாகக் கட்டி, தடித்த ஊசியால் பின்பக்கம் குறுக்கே இழுத்து, இரண்டு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் தொங்கவிட்டால் கால் தயார். நிறுத்தினால் விரியும், இழுத்தால் ஒடுங்கும். ஒரு கால் மட்டும் சற்று நீளமாக இருந்தால் லூர் லேசாக ஒரு பக்கம் ஒதுங்கி ஓடும். தேவையென்றால் வைத்துக்கொள்ளுங்க, இல்லாவிட்டால் கத்தரித்துவிடுங்க. மின்னல் வேண்டுமானால் பழைய சேலையின் ஜரிகையில் இரண்டு மூன்று இழை சேர்க்கலாம். சேவல் கழுத்து இறகும் அருமையான சரக்கு, ஆனால் தவளைக்கு எலாஸ்டிக்தான்.

நிறத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஆசையில்லை. முதுகில் நீங்கள் போடுகிற புள்ளியும் கோடும் உங்களுக்கும் படம் பார்க்கிற நண்பர்களுக்கும்தான். விரால் கீழிருந்து பார்க்கிறது, அதற்குத் தெரிவது வயிறு. வெயிலில் வெளிர் மஞ்சளோ வெள்ளையோ போதும். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் கறுப்புதான் நல்லது. வெளிச்சம் மிச்சமிருக்கிற வானத்துக்கு எதிரே கறுப்பு உருவம் தெளிவாகத் தெரியும். பெர்மனென்ட் மார்க்கரே போதும். கண்ணுக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடுங்க. வீட்டில் கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம்.

சோதித்துப் பார்க்கக் குளம்வரை போக வேண்டாம். தோட்டத்துத் தண்ணித் தொட்டியில் போட்டால் மூக்கு எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று தெரிந்துவிடும். தலைகீழாகத் தூக்கிப் போடுங்க. தானாகப் புரண்டு நேராக வேண்டும். வரவில்லை என்றால் குண்டு போதுமான ஆழத்தில் இல்லை. வைக்கோலையோ வாழைச் சருகையோ தொட்டியில் மிதக்கவிட்டு அதன்மேல் இழுத்தால் முள் மாட்டுகிறதா என்பதும் புரிந்துவிடும்.

வீசும்போது ஒரே ஒரு விஷயம். அடி விழுந்த கணமே ராடை இழுக்காதீங்க. விரால் முதலில் கவ்வும், பிறகுதான் திருப்பிக்கொண்டு கீழே போகும். நரம்பு நகர்வதை உணர்ந்த பிறகு ஓங்கி இழுக்க வேண்டும். செடிக்குள் தங்கூசி நரம்பு நீண்டு கொடுத்துவிடும்; முப்பதிலிருந்து ஐம்பது பவுண்டு தாங்குகிற பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, போடுங்க.

மழைக்காலத்தில் செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் மேலே பொரிந்துகொண்டு திரிவதைப் பார்த்திருப்பீங்க. அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்கே தவளையைப் போட்டால் நிச்சயம் அடிக்கும். பசியால் அடிப்பதில்லை, குஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததை விரட்டத்தான் அடிக்கிறது. அந்த ஜோடியைப் பிடித்துவிட்டால் மிச்சக் கூட்டத்தை ஜிலேபியும் கெண்டையும் தின்று தீர்த்துவிடும். இதைத் திறமை என்று படம் போடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அடுத்த வருடமும் அதே குளத்துக்குத்தானே போகப்போகிறோம்.

ஓடுகிற தண்ணீருக்கு, கீழ்பவானி வாய்க்காலுக்கோ ஆற்றின் மடுவுக்கோ, ஸ்பூன் லூர் செய்யுங்க. இது உண்மையிலேயே ஸ்பூன்தான். அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் 1852இல் இந்த மாதிரி லூருக்குக் காப்புரிமை வாங்கினார். படகிலிருந்து தவறி விழுந்த ஸ்பூனை மீன் பாய்ந்து கவ்வியதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று அவரைப் பற்றி ஒரு கதையும் உண்டு. எவர்சில்வர் டீஸ்பூனின் காம்பை அறுத்துவிட்டு, இரண்டு முனையிலும் மூன்று மில்லிமீட்டர் துளை போடுங்க. ட்ரில் மெதுவாகச் சுற்ற வேண்டும், ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்; வேகமாக வைத்தால் எவர்சில்வர் சூடேறி இன்னும் கெட்டிப்பட்டு, பிட்டு மழுங்கிவிடும். ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு, இரண்டு துளையிலும் சாவி வளையம் மாதிரியான ஸ்பிளிட் ரிங் மாட்டி, ஒன்றில் ஒற்றை முள், மற்றொன்றில் ஸ்விவல் என்கிற சுழல் இணைப்பு. ஸ்விவல் இல்லாவிட்டால் நரம்பு முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் துளை ஒரே அளவு என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப்போட்டுப் பார்க்கலாம், ஆட்டம் வேறு வேறாக வரும். அறுத்த காம்பையும் லேசாக ‘எஸ்’ மாதிரி வளைத்தால் அது இன்னொரு லூர். ஸ்பூன் சுற்றக் கூடாது, தள்ளாட வேண்டும். சுற்றுகிறதென்றால் மெதுவாக இழுங்க.

இப்போது நீங்கள் கேட்ட மரம். பின்லாந்தில் லௌரி ரபாலா 1936இல் தன் முதல் மீன் லூரைச் செய்தபோது அவரிடம் இருந்தது கார்க்கும் செருப்புத் தைக்கும் கத்தியும்தான். மேலே சாக்லேட் சுற்றி வந்த ஈயத்தாளை ஒட்டி, பழைய போட்டோ நெகட்டிவை உருக்கி வார்னிஷாகப் பூசினார். அவர் ஏரியில் கவனித்தது இது: பெரிய மீன் கூட்டத்தில் எல்லாவற்றையும் துரத்துவதில்லை, தடுமாறி நீந்துகிற ஒன்றைத்தான் பிடிக்கிறது. அந்தத் தடுமாற்றத்தை லூரில் கொண்டுவந்ததுதான் அவருடைய சாதனை. அதனால் செதில் வரைவதில் நாளைச் செலவழிக்காதீங்க, ஆட்டத்தைச் சரிசெய்யுங்க.

நம் பக்கம் வேலியிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் நிற்கிற கல்யாண முருங்கையும் அகத்தியும் லேசான மரங்கள், கத்திக்கு வெண்ணெயாக இணங்கும். பச்சையில் செதுக்காதீங்க, நிழலில் நன்றாகக் காய வேண்டும். பொறுமை இல்லையென்றால் கோயம்புத்தூர் பட்டறைகளில் மெஷின் வந்திறங்கிய பைன் மரப் பெட்டிப் பலகை கேட்டு வாங்குங்க. காய்ந்தே இருக்கும், இழை நேராக ஓடும். எந்த மரமானாலும் முள்ளை மரத்தில் திருகி நிறுத்தக் கூடாது. வயிற்றில் நீளமாக ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பியை மூக்கிலிருந்து வால்வரை ஒரே துண்டாக, இடையில் வயிற்று முள்ளுக்கு ஒரு வளையத்தோடு உள்ளே வைத்து அரால்டைட் பசை ஊற்றி அடைக்க வேண்டும். மரம் பிளந்தாலும் மீன் கம்பியில் நிற்கும்.

மூக்குக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடான நாக்குத்தான் மர மீனை ஆட்டுகிறது. பழைய சிடி ஒன்றை எடுங்க. அது 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட். நாக்குக்கு அதைவிடப் பொருத்தமானதைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. மேலே இருக்கும் வெள்ளிப் படலத்தை டேப் ஒட்டிப் பிய்த்துவிட்டு, வெந்நீரில் போட்டுச் சூடாக இருக்கும்போதே கத்தரித்தால் விரிசல் விடாது. நாக்கு உடம்போடு ஒட்டி முன்னால் நீண்டிருந்தால் லூர் ஆழமாக முங்கும்; நிமிர்ந்து நின்றால் மேலாகவே ஓடும். வயிற்றில், நடுவுக்குச் சற்று முன்னால் ஒன்றிரண்டு சைக்கிள் குண்டு. முள்ளெல்லாம் மாட்டித் தண்ணீரில் போட்டு, நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே பெயிண்ட். மரத்தின் துளைகளை அடைக்கிற சான்டிங் சீலர் மூன்று நான்கு பூச்சு, பிறகு நிறம், அதன்மேல் அரால்டைட் அல்லது தெளிவான வார்னிஷ். காயும்வரை அப்படியே தொங்கவிட்டால் வாலில் சொட்டுத் திரளும். திருப்பித் திருப்பிக் காயவிடுங்க.

ஆட்டத்தைப் பார்க்க வாய்க்கால் பாலம்தான் சரியான இடம். லூரை ஓடும் தண்ணீரில் விட்டு ராடை அசைக்காமல் பிடித்தால், நின்ற இடத்திலேயே நீந்திக் காட்டும். இடது பக்கம் ஓடினால் மூக்குக் கம்பியின் வளையத்தை இடுக்கியால் வலது பக்கம் துளி வளையுங்க. துளி என்றால் துளிதான். அப்படியும் புரண்டு விழுந்தால் வயிற்றில் எடை போதவில்லை.

கடையில் விற்கிற ரப்பர் புழு மாதிரி வீட்டில் உருக்கிச் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீங்க. அமெரிக்காவில் நிக் கிரீம் 1949இல் வீட்டுச் சமையலறையில்தான் அதைத் தொடங்கினார் என்பது உண்மை. நீங்கள் வேண்டாம். அந்தப் புழு பிவிசி பிளாஸ்டிக்; அதைச் சுட்டால் வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும். ஈயம் உருக்குவதும் அப்படித்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வெடித்துத் தெறிக்கும், அந்தச் சட்டியில் பிறகு எதையும் சமைக்க முடியாது.

எங்கே வீசலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் குளங்கள் பலவும் மீன் குத்தகைக்கு விட்டவை. குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பெரும்பாலும் தடை சொல்ல மாட்டார்கள். கேட்காமல் போனால்தான் சண்டை. அணைகளில் அங்கிருக்கும் மீன்வளத்துறை ஆட்களிடம் அனுமதி விசாரியுங்க. நஞ்சராயன் குளமும் வெள்ளோடும் பறவைகள் சரணாலயம், அங்கே ராடையே எடுக்க வேண்டாம். மாயாற்றுப் பக்கம் புலிகள் காப்பகம். அந்த ஆற்றில் வாழும் திமில் மஹ்சீர் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் சர்வதேசச் செம்பட்டியலில் ஏறிய மீன். அமராவதி அணையிலும் பவானிசாகரின் மேல்பக்கத்திலும் முதலை உண்டு. மாட்டிய லூரை எடுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிற பழக்கம் அங்கே ஆகாது. எங்கே ஆனாலும் அறுந்த பிரெய்டைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவாங்க. அது மக்காது, கொக்கு காலில் சுற்றினால் விடாது.

செலவு என்று பார்த்தால், செருப்புத் தவளைக்கு ஆகிற காசு ஏறக்குறைய அந்த இரட்டை முள்ளின் விலைதான். மற்றதெல்லாம் வீட்டில் கிடக்கிறது. மர மீனில் மிச்சம் பார்க்க முடியாது. கம்பி, அரால்டைட், சீலர், முள் எல்லாம் கணக்குப் போட்டு உங்கள் உழைப்பையும் சேர்த்தால் கடை விலையை நெருங்கிவிடும். அதை ஆசைக்காகச் செய்யுங்க.

விற்கலாம். முதலில் ஒரே வடிவத்தில் பத்துத் தவளை செய்து, பத்தும் தொட்டியில் ஒரே மாதிரி நிற்கிறதா என்று பாருங்க. நின்றால் நண்பர்களிடம் நாலைந்து கொடுத்து ஒரு சீசன் அடிக்கச் சொல்லுங்க. முள் மலிவானதைப் போட்டு விலையைக் குறைக்க நினைக்காதீங்க. முள் நிமிர்ந்து மீன் போனால் அந்த ஆள் மறுபடி உங்களிடம் வாங்க மாட்டார், ஊர் முழுக்கச் சொல்லவும் செய்வார்.